காய்ச்சல்ல கிடந்த துணி மூட்டை

பசீத்தாவுக்குத் தெரிஞ்ச தொழில் ஒண்ணே ஒண்ணுதான், துணி துவைக்கிறது. பிலிப்பைன்ஸ்ல துமகெத்தேங்கிற அந்தத் துறைமுக ஊர்ல காலேஜ் பிள்ளைங்க தங்குற விடுதி தெருவுக்கு நாலு இருக்கும். அந்த விடுதி மெத்தை விரிப்பெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா மூட்டை மூட்டையா இவ வீட்டுக்குத்தான் வரும். சோப்புத் தண்ணியில ஊறி ஊறி விரல் நகமெல்லாம் வெளுத்து ஓரம் பிஞ்சு கிடக்கும். விரிப்பை மோந்து பார்த்தே, எவன் படுக்கையில உக்காந்து கருவாடு தின்னான், எவன் கால் கழுவாமப் படுத்தான்னு சொல்லிடுவா. புருஷன் கிறிஸ்புலோ துறைமுகத்து வாசல்ல மூணு சக்கர வண்டி ஓட்டுனான். மூத்தவன் ரொதெல் சவூதியில. அடுத்தவ ரோவெனா.

ரோவெனா ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போறேன்னு சொன்னப்ப பசீத்தாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. "படுக்கை விரிக்கிறதுக்கும் பரிமாறுறதுக்கும் நாலு வருஷமா? நான் முப்பது வருஷமா இதைத்தானடி செய்றேன், எனக்கு யாரும் ஒரு காகிதமும் தரலையே"ன்னா. ஆனா பொண்ணு படிச்ச படிப்பு வேற மாதிரி இருந்துச்சு. எந்தப் பக்கத்துல இருந்து சூப்பு வைக்கணும், எந்தப் பக்கம் நின்னு காலித் தட்டு எடுக்கணும், நூறு பேர் விருந்துக்கு எத்தனை கிலோ இறைச்சி, சண்டைக்கு வர்ற விருந்தாளிகிட்ட எந்தக் குரல்ல பேசணும்னு எல்லாத்துக்கும் புத்தகம், எல்லாத்துக்கும் பரீட்சை. வீட்ல இருந்தது ஒரே கட்டில். அதுல உக்கார விடமாட்டா, மடிச்சு மடிச்சுப் பழகுவா.

"அம்மா, இந்த மூலை சரியா நாப்பத்தஞ்சு டிகிரி வரணும்."

"படுக்கப் போறது உங்கப்பன். அந்த மனுஷன் எந்த டிகிரியில படுத்தாலும் குறட்டை ஒண்ணுதான்."

மூணு வருஷமும் வகுப்புல முதல் ஆள் அவதான். நாலாவது வருஷம் ஆரம்பத்துலயே ஆனர்ஸ் பட்டியல்ல பேர் ஒட்டிட்டாங்க. ஆனர்ஸோட முடிச்சா, மணிலால ஒரு பெரிய ஹோட்டல் வருஷத்துக்கு ரெண்டு பேரை இந்தக் காலேஜ்ல இருந்து கேள்வி கேட்காம எடுத்துக்கும். பட்டமளிப்பு அன்னிக்கு ஆனர்ஸ் பிள்ளைங்களோட அப்பா அம்மாவையும் மேடைக்குக் கூப்பிடுவாங்க, அவங்க கையாலதான் பதக்கத்தை மாட்டணும். கிறிஸ்புலோ வண்டியில ஏறுன சனத்துல இந்தக் கதையைக் கேட்காம இறங்குனவங்க யாரும் இல்ல. கப்பலுக்கு நேரமாச்சுன்னு கத்துனாலும் விடமாட்டான்.

ஆனா அந்த ஆனர்ஸ் கண்ணாடிச் சாமான் மாதிரி. மார்க்கு ஒரு பாடத்துல இறங்குனாலும் போச்சு. ஒரு பாடம் முடியாம 'பாக்கி'ன்னு ஒரு தடவை எழுதிட்டாலும் போச்சு, அப்புறம் அதை முடிச்சாலும் திரும்ப வராது. கடைசிப் பாடம் ஹோட்டல்ல அறுநூறு மணி நேரம் வேலை செய்றது. கடற்கரை ஓரத்துப் பெரிய ஹோட்டல்ல ரோவெனா அஞ்சாறு மாசமா போயிட்டு இருந்தா. பிப்ரவரி கடைசித் தேதிக்குள்ள அறுநூறும் முடியணும். ஐநூத்தி அம்பத்திரெண்டு முடிஞ்சிருந்துச்சு.

பிப்ரவரி பத்தொம்பதாம் தேதி காலையில, செபு தீவுக் கப்பல் வந்து சனம் இறங்குற நேரம், கிறிஸ்புலோ வண்டி மேலயே கவுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே வீண். ரொதெல் சவூதியில இருந்து லீவு வாங்கி வர ஒம்பது நாள் ஆகும்னு சொன்னான். பெத்த மகன் முகம் பார்க்காம மூட முடியாது. அதனால உடம்பு கெடாம மருந்து ஏத்தி, சவப்பெட்டியை வீட்டுக்கு நடுவுல வச்சாங்க. சுத்தி மெழுகுவத்தி, முன்னாடி நாற்காலி, வர்றவங்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும், வாசல்ல சீட்டாட்டம்.

நாலு வருஷம் ரோவெனா படிச்சது எல்லாத்துக்கும் சாவு வீட்ல நேர் எதிர். அங்க விருந்தாளியை வாசல் வரைக்கும் கொண்டு போய் விடணும். இங்க பெட்டி வீட்ல இருக்கிற வரைக்கும் வீட்டாளுங்க எழுந்து போய் யாரையும் வழியனுப்பக் கூடாது, வந்ததுக்கு நன்றியும் சொல்லக் கூடாது. அங்க தரையில தூசி இருந்தா மார்க்கு குறைப்பாங்க. இங்க தரையைக் கூட்டக் கூடாது. அங்க குளிச்சு, தலை படிய வாரிக் கொண்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி நிக்கணும். இங்க வீட்டு மனுஷங்க குளிக்கக் கூடாது, தலையில சீப்புப் படக் கூடாது. மீறுனா பின்னாடியே இன்னொரு சாவு வரும்பாங்க. நம்பாதவங்களும் மீறமாட்டாங்க, எதுக்கு வம்புன்னு.

மூணாவது நாள் சாயங்காலம் ரோவெனாவோட டீச்சர் விலாஃப்ளோர் மேடம் வந்தா. ஹோட்டல் வேலை மணிக்கணக்குக் காகிதத்துல கையெழுத்துப் போடுறது அவதான். பெட்டி முன்னாடி சிலுவை போட்டுட்டு, ரோவெனா பக்கத்துல உக்காந்தா. பசீத்தா அடுத்த நாற்காலி.

"எத்தனை மணி நேரம் பாக்கி இருக்கு?" அந்தம்மா காப்பியைப் பார்த்துக்கிட்டே கேட்டா.

"நாப்பத்தெட்டு, மேடம்."

"ஆறு நாள் வேலை. இருபத்தெட்டாம் தேதி நான் காகிதத்தை உள்ள அனுப்பணும்."

"அப்பாவை அடக்கம் பண்ணிட்டு மார்ச்ல செஞ்சா ஆகாதா மேடம்?"

"ஆகும். 'பாக்கி'ன்னு எழுதிட்டு மார்ச்ல செய்யலாம். எழுதிட்டா ஆனர்ஸ் இல்ல. சட்டம் நான் போட்டதில்லம்மா." பிஸ்கட்டை அப்படியே தட்டுல வச்சுட்டு எழுந்தா. "நான் துக்கம் கேட்க வந்ததா மட்டும் நினைச்சுக்க, இதைச் சொல்ல வந்ததா நினைக்காத."

அவ தனியா நடந்து வாசல் தாண்டிப் போனா. ரோவெனா எழுந்து பின்னாடி போகாம, நாற்காலிச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பசீத்தா அந்தக் கையைத்தான் பார்த்தா.

எல்லாரும் சீட்டாட்டத்துல இருந்தப்ப பசீத்தா பெட்டி மேல குனிஞ்சு, "சொல்லு. உன் பொண்ணு போகணுமா, இருக்கணுமா?"ன்னா. பெட்டி மூடிக் கண்ணாடிக்குள்ள அவன் சும்மா கிடந்தான். "வாழ்ந்தப்ப வாய் ஓயல, இப்பப் பாரு"ன்னு முணுமுணுத்துட்டு, பொண்ணைச் சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போனா.

"நாளைக்கு வேலைக்குப் போ."

"அம்மா! அப்பா வீட்ல இருக்கும்போதா? நாளைக்கு அத்தை வேற ஊர்ல இருந்து வர்றாங்க, தெரிஞ்சா?"

"தெரியாது. காலையில அஞ்சு மணிக்குப் பின்வேலி வழியா கோரிங் வீட்டுக்குப் போ. அங்க குளி, அங்க தலைவாரு. நம்ம வீட்டுத் தண்ணி உன் மேல படலைல்ல, அப்ப தோஷம் இல்ல."

"அது உண்மையாம்மா?"

"நான் சொல்றேன்ல."

கோரிங் பின்வீட்டுக்காரி. "செத்தவனுக்குக் கண்ணு மூடித்தான் இருக்கு, உசிரோட இருக்கிறவங்க கண்ணுக்குத்தான் பயப்படணும்"னு சொல்லிட்டு, சோப்பும் துண்டும் எடுத்து வச்சா.

அந்த உசிரோட இருக்கிற கண்ணு நாலாவது நாள் காலையிலயே மலைப்பக்கத்து ஊர்ல இருந்து வந்து சேர்ந்துச்சு. கிறிஸ்புலோவோட அக்கா இலாரியா. ஜெபமாலையும் கையுமா பெட்டி தலைமாட்டுல உக்காந்தவ, முதல்ல கேட்டது, "ரோவெனா எங்க?"

"காய்ச்சல், அண்ணி. உள்ள படுத்திருக்கா."

உள்ளன்னா, திரைக்குப் பின்னாடி அந்த ஒரே கட்டில். அதுல பசீத்தா விடியக்காலமே ஏற்பாடு பண்ணி வச்சிருந்தா. துவைக்காம நின்ன விடுதி விரிப்பு மூட்டை ரெண்டை நீளவாக்குல போட்டு, ஒரு தலையணையைத் தலைக்கு வச்சு, போர்வையை இழுத்து மூடி, சுவத்துப் பக்கம் திருப்பி விட்டிருந்தா. கால்மாட்டுல ரோவெனாவோட செருப்பு. இலாரியா திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தா. "பாவம் புள்ள, அப்பன் மேல உசிரு. தூங்கட்டும்"னு திரையை விட்டுட்டா. கொஞ்ச நேரத்துல இஞ்சி போட்டுக் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வந்தா. "நான் ஊட்டுறேன்."

"வேணாம் அண்ணி, முழிச்சா வாந்தி எடுக்குது. நான் கொடுக்கிறேன்."

கிண்ணத்தை வாங்கிட்டு உள்ள போய், மூட்டை பக்கத்துல உக்காந்து, ஊதி ஊதிப் பசீத்தாவே குடிச்சா. நாலு நாளா வயித்துக்குச் சரியா எதுவும் போகல. கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு.

இப்படியே ஆறு நாள். மூணு மணி வாக்குல ரோவெனா பின்வேலி வழியா வருவா. கோரிங் வீட்லயே வெள்ளைச் சட்டையைக் கழட்டிக் கறுப்பு மாத்தி, உதட்டுச் சாயத்தைத் துடைச்சிருப்பா. கொண்டையை அவுத்துத் தலையைக் கலைச்சு விடுறது பசீத்தா வேலை. வாரி வழவழன்னு இருக்கிற முடியை ரெண்டு கையாலயும் சிக்காக்குவா.

"இன்னிக்கு என்ன வேலை?"

"கல்யாண விருந்து. நாப்பது மேசை."

"சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

"நல்லா சிரிச்சியா?"

"அதுக்கும் மார்க்கு போடுறாங்கம்மா." சொல்லிட்டு அம்மா தோள்ல முகத்தை வச்சுக்கிட்டா. சத்தம் வெளிய போகாம இருக்க, பசீத்தா தன் தோள்ல கிடந்த துவாலையை அவ வாயில அழுத்திப் பிடிச்சா. அப்புறம் ரோவெனா திரையை விலக்கிக்கிட்டு, தூங்கி எழுந்தவ மாதிரி வெளிய வந்து அப்பா பக்கத்துல உக்காருவா. இலாரியா நெத்தியில கை வச்சுப் பார்த்து, "காலைக் காய்ச்சல், மதியத்துக்கு விட்டுடுது. துக்கக் காய்ச்சல் அப்படித்தான்"னு சொல்லுவா.

ஒம்பதாவது நாள் நாப்பத்தெட்டும் முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ரொதெல் வந்தான். மறுநாள் அடக்கம். விலாஃப்ளோர் மேடம் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அனுப்பிட்டா. ஒரு வாரத்துல ரொதெல் சவூதிக்குத் திரும்பிட்டான். பசீத்தா மூச்சு விட்டா. அந்த ரெண்டு மூட்டையையும் பிரிச்சு ஊற வச்சா.

மார்ச் ரெண்டாவது வாரம். நாப்பதாம் நாள் ஜெபம் முடியுற வரைக்கும் இருக்கேன்னு இலாரியா ஊருக்குப் போகாம உக்காந்திருந்தா. ரோவெனா காலேஜுக்குப் போயிருந்தா. மதியம், கக்கத்துல கோப்போட ஒரு ஆள் வந்தான். காலேஜ் ஆபீஸ்ல இருந்து வர்றேன்னான். உக்காரச் சொல்லி பசீத்தா வாழைப்பழ வறுவல் கொடுத்தா.

"ஆனர்ஸ் வாங்கப் போற பிள்ளைங்க நடத்தையைப் பத்தி விசாரிக்கிறோம்மா. சும்மா ரெண்டு கேள்வி. உங்க வீட்டுக்காரர் பெட்டி வீட்ல இருந்த ஒம்பது நாளும் ரோவெனா எங்க இருந்தா?"

பசீத்தா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இலாரியா எழுந்துட்டா. "என்ன கேள்வி தம்பி இது? அப்பன் பெட்டிக்குள்ள கிடக்கையில பொண்ணு எங்க இருப்பா? இந்த வீட்லதான் இருந்தா. காய்ச்சல்ல கிடந்தா. நான் என் கையால கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்."

"நீங்க சொல்லுங்கம்மா. வெளிய எங்கயாவது போனாளா? வேலைக்குக் கீலைக்கு?"

பசீத்தா அந்த ஆளைப் பார்த்தா. இலாரியாவைப் பார்த்தா. நடத்தையைப் பத்தி விசாரிக்கிறோம்னுதான சொன்னான்? அப்பன் பொணம் வீட்ல இருக்கக் குளிச்சுத் தலைவாரி, சாயம் பூசிக் கல்யாண விருந்துல சிரிச்சவன்னு சொன்னா, எந்தக் காலேஜ் அவளுக்குப் பதக்கம் போடும்? நல்ல பொண்ணுக்கு நல்ல பதில் எதுன்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் தெரியும்.

"என் பொண்ணு வாசப்படி தாண்டல"ன்னா. "ஒம்பது நாளும் தலையில சீப்புப் படல. அவங்கப்பா பக்கத்துலயேதான் இருந்தா."

"நிச்சயமாவா?"

"மாதா மேல சத்தியமா."

அவன் எழுதுனதைப் படிச்சுக் காட்டினான். கீழ கையெழுத்துப் போடச் சொன்னான். பசீத்தா கையைத் துணியில துடைச்சுட்டு, நிதானமா, எழுத்து கோணாம போட்டா. இலாரியாவும் சாட்சிக்குப் போட்டா. அவன் போனப்புறம், "பார்த்தியா, நம்ம வளர்ப்பை விசாரிக்க ஆள் அனுப்புறாங்க"ன்னு இலாரியாவுக்குப் பெருமை தாங்கல.

ரெண்டு நாள் கழிச்சு ரோவெனா ஒரு கடுதாசியோட வந்தா. வந்தவ செருப்பைக் கூடக் கழட்டல.

"அம்மா, யாராவது வந்தாங்களா? நீ என்ன சொன்ன?"

பசீத்தா சொன்னா. சொல்லச் சொல்லவே பொண்ணு முகம் போற போக்கைப் பார்த்து, கடைசி வார்த்தையைச் சொல்லாம கடுதாசிக்குக் கை நீட்டினா.

வரிசையில ரெண்டாவதா இருந்த பொண்ணோட அம்மா காலேஜுக்குப் புகார் எழுதியிருக்கா. அப்பன் சாவுக்கு நாங்க எல்லாம் போனோம், துக்கத்துல இருந்த பொண்ணு அதே நாள்ல ஹோட்டல்ல எப்படி வேலை செஞ்சா, கூட்டாளி யாரோ அவளுக்குப் பதிலா, வேலைக்கு வந்த நேரம் குத்துற அவ அட்டையை மெஷின்ல போட்டிருக்காங்கன்னு. அதுக்குத்தான் அந்த ஆள் வந்தது. இப்ப கடுதாசியில இருந்தது இதுதான். நாப்பத்தெட்டு மணி நேரமும் பொய். பொய்க் கணக்கு கொடுத்ததுக்காகப் பாடமே ஃபெயில். அறுநூறையும் முதல்ல இருந்து செய்யணும். ஆனர்ஸ் பட்டியல்ல இருந்து பேர் நீக்கியாச்சு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா" ரோவெனா சொன்னது அவ்வளவுதான். கத்தியிருந்தா பசீத்தா தாங்கியிருப்பா.

மறுநாள் பசீத்தா கோரிங்கையும் கூட்டிட்டுக் காலேஜுக்குப் போனா. புகாரை விசாரிக்கிற மூணு பேர் உக்காந்திருந்தாங்க, ஓரத்துல விலாஃப்ளோர் மேடமும்.

"நான் சொன்னது பொய்ங்க ஐயா. பொண்ணு வேலைக்குப் போனா. நான்தான் அனுப்பினேன். படுக்கையில இருந்தது துணி மூட்டை."

"எது?"

"விடுதி விரிப்பு மூட்டை. போர்வை போத்தி வச்சிருந்தேன். எங்க நாத்தனார் அதைப் பொண்ணுன்னு நினைச்சு..."

ஒருத்தன் சிரிப்பை அடக்கிக் கைக்குட்டையை எடுத்தான். நடுவுல இருந்தவர் சிரிக்கல. "அம்மா, மாதா மேல சத்தியம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. பொண்ணுக்குப் பாதிப்புன்னு தெரிஞ்சதும் இப்ப மாத்திச் சொல்றீங்க. நாங்க எதை நம்புறது?"

"ஹோட்டல்ல கேளுங்க! அங்க பார்த்திருப்பாங்கள்ல?"

"கேட்டோம். அட்டை இருக்கு. ஆனா பயிற்சிப் பிள்ளைங்க முப்பது பேர், எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே கொண்டை. முகம் ஞாபகம் இல்லைங்கிறாங்க."

"என் வீட்லதான் குளிச்சா, நான் சத்தியம் பண்றேன்"னு கோரிங் முன்னாடி வந்தா. பின்வீட்டுக்காரி சத்தியத்தை யாரும் எழுதிக்கல.

பசீத்தா டீச்சர் பக்கம் திரும்பினா. "மேடம், நீங்கதான சொன்னீங்க, ஆறு நாள் வேலைன்னு? எங்க வீட்ல உக்காந்து?"

விலாஃப்ளோர் மேடம் மேசையையே பார்த்தா. "எத்தனை மணி பாக்கின்னு கேட்டேன். போன்னு நான் சொல்லல. அவ போனதை நான் பார்க்கவும் இல்ல."

"பெத்த அம்மா பொண்ணுக்கு எதிராப் பொய் சொல்லுவாங்களா?"ன்னு நடுவுல இருந்தவர் கோப்பை மூடுனார். "நாங்க அதை வச்சுத்தான் முடிவு பண்ணோம்."

பசீத்தா வீட்டுக்கு வர்றதுக்குள்ள விஷயம் வந்துடுச்சு. இலாரியா தன் துணிமணியைப் பையில கட்டி வாசல்ல வச்சிருந்தா. தெருவே கேட்கக் கத்துனா. "என் தம்பி பொணத்துக்குப் பக்கத்துல நாடகமா ஆடுனீங்க? ஆறு நாளு அழுக்குத் துணிக்குக் கஞ்சி காய்ச்ச வச்சியேடி! அதுக்கு நெஞ்சுருகி ஜெபம் பண்ணேனே, உன் கை விளங்குமா?" நாப்பதாம் நாளுக்கு அவ இருக்கல. அந்தப் பக்கத்துச் சொந்தம் யாரும் வரல. ரோவெனாவும் பசீத்தாவும் கோரிங்கும் மட்டும் ஜெபம் சொன்னாங்க. அம்பது பேருக்குக் கிண்டுன நூடுல்ஸ் அப்படியே சட்டியில இருந்துச்சு.

பட்டமளிப்பு அன்னிக்கு ரோவெனா வீட்ல உக்காந்து விரிப்புக்கு இஸ்திரி போட்டா. ஜூன்ல அதே ஹோட்டலுக்குத் திரும்பப் போய் அறுநூறு மணி நேரமும் முதல்ல இருந்து செஞ்சா. அடுத்த வருஷம் முன்னூறு பேரோட பேரா அவ பேரையும் வாசிச்சாங்க. சுருட்டுன காகிதம் ஒண்ணு கொடுத்தாங்க. மாட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாததால பசீத்தாவை யாரும் மேடைக்குக் கூப்பிடல. மணிலா ஹோட்டலுக்கு மனு போட்டா, ரெண்டு தடவை. ஃபெயில்னு ஒரு பாடம் இருக்கிற காகிதத்தை அவங்க முழுசாப் படிச்சாங்களோ என்னவோ, பதில் இல்ல.

இப்ப ரோவெனாவுக்கு நாப்பத்திரெண்டு வயசு. துறைமுகத்துக்கு எதிர்ல இருபது அறை இருக்கிற ஒரு லாட்ஜுல அறைகளுக்கெல்லாம் பொறுப்பு அவதான். காலேஜ்ல இருந்து பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு மூலை மடிக்கக் கத்துக் கொடுக்கிறா. அதுல ஆனர்ஸ் வாங்குனதுங்க மணிலாவுக்குப் போறேன்னு வந்து சொல்லிட்டுப் போகும். நல்லா இருன்னு அனுப்பி வைப்பா. கல்யாணம் பண்ணிக்கல. அம்மாகிட்டச் சண்டை போட்டதில்ல, அந்தக் கையெழுத்தைப் பத்தி ஒரு நாளும் பேச்செடுத்ததும் இல்ல. அரிசி தீர்ந்துச்சு, மாத்திரை போட்டியா, கூரை ஒழுகுது, இதுதான் ரெண்டு பேருக்கும் இடையில பேச்சு.

பேச்செடுக்கிறது பசீத்தாதான். எழுபத்தி மூணு வயசாச்சு, துவைக்கிறதை விட்டாச்சு. கரண்ட் பில் கொண்டு வர்றவன், மீன்காரி, வழி கேட்டு நிக்கிறவன், எவன் வந்தாலும் கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறா.

"என் பொண்ணு போனா தெரியுமா? அவங்கப்பா வீட்ல கிடக்கும்போதே குளிச்சா, தலைவாரினா, வேலைக்குப் போனா. ஆறு நாளு. நாப்பத்தெட்டு மணி நேரம், ஒரு நிமிஷம் குறையாது. வீட்ல இருந்தது துணி மூட்டை. எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

மீன்காரி சரிம்மா, சரிம்மாங்குறா. யாரும் எழுதிக்கிறது இல்ல. உள்ள இருந்து ரோவெனா கூப்பிடுறா.

"போதும்மா. விடு அவங்களை. சோறு ஆறுது, வா."